கெல்லிமலை மின்சேவை மையம்

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு ஜூன் முதல் தேதி, காலை பத்து மணிக்குக் கொல்லிமலை, கெல்லிமலை ஆயிற்று. மலைக்கு இது தெரியாது. மிளகுக் கொடிகளும் பலா மரங்களும் வழக்கம்போல் நின்றன. செம்மேட்டில் இருந்த மலைவட்ட மின்சேவை மையத்தின் கணினிக்கு மட்டும்தான் தெரியும்.

மையத்தின் ஒரே ஆபரேட்டர் ஹேமலதா. அடிவாரத்தில் காரவள்ளிக்குப் பக்கம் அவளுடைய அப்பாவுக்கு நாலு ஏக்கர் மரவள்ளித் தோட்டம். நாமக்கல்லில் கணினி அறிவியல் படித்துவிட்டு, தினமும் கையில் ஓர் எலுமிச்சம்பழத்தோடு பஸ் ஏறி, எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் அதை முகர்ந்துகொண்டே வேலைக்கு வருகிறவள். மலைவட்ட மின்சேவை இயக்ககம் என்ற மேலிடம் அந்த மையத்தை நடத்திவந்தது. ‘மூன்றே நிமிடத்தில் முத்தான சான்று’ என்பது இயக்ககத்தின் கொள்கை வாசகம். அந்த வாசகத்தை முடிவுசெய்ய அவர்கள் எடுத்துக்கொண்டது பதினான்கு மாதம்.

ஜூன் முதல் தேதியிலிருந்து சான்றிதழ்களை எல்லாம் புது எழுத்துருவில் அச்சடிக்கவேண்டும் என்று உத்தரவு. பழைய எழுத்துருவில் இருந்த பெயர்களைப் புதியதற்கு மாற்ற, பைத்தான் மொழியில் எழுதிய ‘எழுத்துமாற்றி’ என்ற நிரல்தொகுப்பு ஒரு குறுந்தகட்டில் வந்து இறங்கியது. எழுதிக்கொடுத்த கம்பெனி, பில் பாஸான மறுவாரமே கலைந்துபோயிருந்தது.

ஐந்தாம் தேதி பொன்னாயி வந்தாள். மலையின் ஊர்த்தொகுதிகளில் ஒன்றான தேவனூர் நாட்டில் மிளகும் தினையும் விளைவிக்கிறவள். புருசன் இறந்து ஆறு வருசம். ஒரே மகள் கலைமணிக்குச் சேலத்தில் நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. முந்தைய வாரம் வாங்கிப்போன சாதிச் சான்றிதழை ஜன்னல் வழியே நீட்டினாள்.

“ஏனுங்க அம்மிணி, இதுல யாரோ பென்னாயின்னு ஒருத்தியப் போட்டிருக்குதுங்க. அவ யாருங்க?”

ஹேமலதா வாங்கிப் பார்த்தாள். ‘தாயின் பெயர்: பென்னாயி. ஊர்: கெல்லிமலை.’

“காலேசுல கேக்கறாங்க. மார்க்கு சீட்டுல பொன்னாயி, சர்டிபிகேட்டுல பென்னாயி, நீ யாரு பெத்த புள்ளைன்னு. எம்புள்ள அழுதுக்கிட்டு ஊடு வந்து சேந்துச்சு. இருவத்தி மூணாந் தேதி வெள்ளிக்கெழமைக்குள்ள சரியானதக் கொண்டாந்தா சேத்துக்கறாங்களாம். இல்லாட்டி அடுத்த புள்ளைக்குச் சீட்டு.”

“பேனாவுல திருத்தித் தர முடியாதுங்கக்கா. கையால எழுதுனா செல்லாது. கொஞ்சம் இருங்க, என்னான்னு பாக்கறேன்.”

அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே ஹேமலதா நிரலைப் படித்தாள். பிழை பதினெட்டாவது கோப்பில், ஒற்றை வரியில் இருந்தது. ‘ொ’வும் ‘ோ’வும் வரும் இடங்களில் எல்லாம் நிரல் முன்னால் இருக்கும் கொம்பை எடுத்துக்கொண்டு பின்னால் இருக்கும் காலைக் கீழே போட்டுவிட்டது. தோட்டம் தேட்டமாயிற்று. சோளக்காடு சேளக்காடாயிற்று. கோவிந்தம்மாள் கேவிந்தம்மாள் ஆகி, கணவரோடு வந்து ஒருமுறை சண்டைபோட்டுவிட்டும் போயிருந்தாள்.

“கண்டுபிடிச்சாச்சுல்ல, திருத்திப்போடு சாமி” என்றாள் பொன்னாயி.

“நேரா இதுல கைய வெக்கக்கூடாதுங்கக்கா. ஒண்ணு திருத்தப்போய் இன்னொண்ணு கெட்டுப்போச்சுன்னா, மலை மொத்தத்துக்கும் சர்டிபிகேட்டு நின்னுரும். இதே புரோகிராமத் தனியா ஒரு ஃபோல்டர்ல நகல் எடுத்து வெச்சுக்கிட்டு, அதுல திருத்தி ஓட்டிப் பாக்கோணும். சரியா வந்தா அப்புறம் இங்க போட்டுக்கலாம்.”

பொன்னாயி யோசித்தாள். “கொழம்பு மொத்தத்துலயும் உப்பக் கொட்டாம, ஒரு கரண்டி தனியா எடுத்துப் போட்டுப் பாக்கறாப்புல.”

“அதேதானுங்க.”

“அதுக்கு எத்தன நேரமாகும்?”

“ரெண்டு மணி நேரம்.”

ரெண்டு மணி நேரம் என்று ஹேமலதா சொன்னது உண்மை. ஆனால் கணினியில் புது ஃபோல்டர் திறக்கக்கூட மேலிட அனுமதி வேண்டும் என்று கையேட்டில் இருந்தது. ஆகவே அவள் ஒரு கடிதம் எழுதி ஃபேக்ஸில் அனுப்பினாள். ‘பைத்தான் பேக்கேஜில் செய்யும் மாற்றங்களைச் சோதிக்க ஒரு டெவலப்மெண்ட் என்விரான்மெண்ட் அமைத்துக்கொள்ள அனுமதி கோருகிறேன்.’

இயக்ககத்தில் எந்தக் கடிதமும் முதலில் ஆட்சிமொழிப் பிரிவுக்குப் போகும். ஆங்கிலச் சொல் இருந்தால் தமிழாக்கம் செய்த பிறகே அதிகாரியின் மேசைக்கு ஏறும். அந்தப் பிரிவில் இருந்தவர் கடமை தவறாதவர். அகராதியைப் பிரித்து, ஒரு சொல்லையும் விடாமல் மாற்றினார். கடிதம் இப்படி ஆயிற்று: ‘மலைப்பாம்பு மூட்டையில் செய்யும் மாற்றங்களைச் சோதிக்க, வளர்ச்சிச் சுற்றுச்சூழல் அமைத்துக்கொள்ள அனுமதி கோருகிறேன்.’

எட்டாம் தேதி வனக்காவலர் செல்லமுத்து வந்தார். ஒரு கையில் கவைக்கோல், இன்னொரு கையில் சாக்கு.

“எங்கம்மா வெச்சிருக்கீங்க?”

“எதைங்க?”

“மூட்டையில கட்டி வெச்சிருக்கறதா உங்க இயக்ககத்துல இருந்து எழுத்து மூலமா வந்திருக்குது. புடிச்சு வெக்கறது குத்தமுங்க. எளசா, பெருசா?”

ஹேமலதாவுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் திரையைத் திருப்பிக் காட்டினாள். செல்லமுத்து குனிந்து பார்த்தார். விவரமான மனிதர், சட்டென்று புரிந்துகொண்டார். சிரித்துச் சிரித்துக் கவைக்கோலைச் சுவரில் சாய்த்துவிட்டு ஒரு டீ குடித்தார். போகும்போது, “எதுக்கும் ஒரு வரி எழுதிக் குடுத்துட்டுப் போறேன், உங்களுக்கு உபயோகப்படும்” என்று, ‘மேற்படி அலுவலகத்தில் மலைப்பாம்பு ஏதும் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

ஹேமலதா அதை இயக்ககத்துக்கு ஃபேக்ஸில் அனுப்பினாள். அந்த வரி உபயோகப்பட்டது. பன்னிரண்டாம் தேதி இயக்ககத்திலிருந்து பதில் வந்தது: ‘மையத்தில் மலைப்பாம்பு ஏதும் இல்லை என வனத்துறை சான்றளித்துள்ளது. இல்லாத ஒன்றில் மாற்றம் செய்யக் கோரியது ஏன் என ஆபரேட்டர் விளக்கம் அளிக்கவும்.’

ஹேமலதா விளக்கம் அளித்தாள். நாலு பக்கம். நடுவில், தவறான சான்றிதழால் ஒரு மாணவியின் படிப்பு இருபத்து மூன்றாம் தேதியோடு போய்விடும் என்று அடிக்கோடிட்டு எழுதினாள். மறுநாளே போன் வந்தது. பேசியவர் இயக்குநர் கோகுல்நாத்.

“உன் விளக்கம் படிச்சேன்மா. ரொம்ப உருக்கமா இருந்தது. நாங்க மாற்றத்துக்கு எதிரி இல்லை. கையேடு, விதி பதினாலு என்ன சொல்லுது? சோதனைச் சூழல் அச்சு அசலா நேரடிச் சூழல் மாதிரியே இருக்கணும். இருக்கா?”

“ஒரு ஃபோல்டர் போதுங்க சார். அதே கம்ப்யூட்டருக்குள்ளயே...”

“ஃபோல்டரா? ஒரு அரசு அமைப்பு ஃபோல்டருக்குள்ள சோதனை நடத்தினதா நாளைக்கு யாராவது கேட்டா நான் என்ன பதில் சொல்றது? உனக்கு ஒரு ரூமே தரேன்.”

ரூமே வந்தது. மையத்தை ஒட்டி, உடைந்த பெஞ்சுகள் போட்டுவைத்திருந்த ஓர் அறை காலியாக்கப்பட்டது. வாசலில் ‘சேதனை மையம்’ என்று பலகை மாட்டினார்கள். பலகைக்கான எழுத்துகள் எழுத்துமாற்றி வழியாகத்தான் போய் வந்திருந்தன. தலைமை அலுவலகக் கிடங்கிலிருந்து அதே மாடலில் கணினி, பிரிண்டர், யுபிஎஸ் எல்லாம் மலையேறின. அவற்றோடு, ஒப்புமையைச் சரிபார்க்க மூன்று பேர் கொண்ட குழுவும் மலையேறியது. கடைசி இருபது வளைவுகளில் அவர்கள் ஜீப்பை ஒன்பது முறை நிறுத்தச் சொன்னார்கள்.

குழுவினர் டேப் வைத்து இரண்டு அறைகளையும் அளந்தார்கள். அசல் அறையின் விசைப்பலகையில் ‘ழ’ வேலைசெய்யாது. எனவே புதிய விசைப்பலகையில் அந்த விசை பிடுங்கப்பட்டது. அசல் அறையின் நாற்காலி இடது பக்கம் ஆடும். அட்டெண்டர் சின்னராசு ரம்பம் கொண்டுவந்து புது நாற்காலியின் ஒரு காலை அரை அங்குலம் குறைத்தான். மழை பெய்தால் அசல் அறையில் மேற்கு மூலையில் ஒழுகும்.

“இங்க ஒழுகலையே?” என்றார் குழுத் தலைவர்.

“புதுசா ஓடு மாத்துனதுங்க சார், அதான்” என்றான் சின்னராசு.

“அப்போ மழைக்காலத்துல எடுக்கற சோதனை முடிவுகளை எப்படி நம்பறது?”

சின்னராசு ஏணி போட்டு ஏறினான். ஒழுங்காக இருந்த ஓட்டை நகர்த்திவைத்து, கீழே ஒரு பச்சை வாளியையும் வைத்தான். அசல் அறையில் இருந்தது நீல வாளி என்பதால் பிறகு அதையும் மாற்றினார்கள்.

இந்த ஆறு நாட்களில் பொன்னாயி மூன்று முறை வந்தாள். தேவனூர் நாட்டிலிருந்து செம்மேட்டுக்கு வர, ஒரு மலைச்சரிவு நடந்து இறங்கி பஸ் பிடிக்கவேண்டும். ஒவ்வொரு முறையும் புது அறையின் வளர்ச்சியைப் பார்த்துவிட்டுப் போனாள்.

“ஒரு கரண்டி கொழம்பு கேட்டதுக்குச் சமயக்கட்டே கட்டறாங்களா சாமி?” என்றாள் ஒரு நாள். இன்னொரு நாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “பெட்டியெல்லாம் கட்டி வெச்சிருக்குது கலைமணி. திருப்பிப் பிரிக்கச் சொல்லட்டுங்களா?” என்று மட்டும் கேட்டாள். ஹேமலதா எழுந்து ஜன்னலுக்கு வந்தாள். “பிரிக்கவேண்டாமுங்கக்கா” என்றாள். எந்தத் தைரியத்தில் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

இருபதாம் தேதி குழு ஒப்புமைச் சான்றில் கையெழுத்திட்டது. ‘நேரடி மையமும் சோதனை மையமும் எவ்வித வேறுபாடுமின்றி ஒன்றே எனச் சான்றளிக்கப்படுகிறது.’ அதன் கீழே இயக்குநர் முன்கூட்டியே போட்டனுப்பிய மேலொப்பம், முத்திரை. அவர்கள் ஜீப்பில் ஏறிய அடுத்த நிமிடம் ஹேமலதா புது அறைக்குள் நுழைந்து, ஆடும் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

தொகுப்பை நகலெடுத்தாள். பிழையான வரியைத் திருத்தினாள். மலையின் நானூற்றுப் பன்னிரண்டு பெயர்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றும் எப்படி வரவேண்டும் என்று பக்கத்திலேயே எழுதி, ஒப்பிட்டுப் பார்க்கும்படி ஒரு சிறு நிரலும் எழுதி ஓட்டினாள். பொன்னாயி பொன்னாயியாகவே வந்தாள். ஹேமலதா எழுந்து நின்றுவிட்டாள். கீழே பார்த்தால் பெரியசாமி பொரியசாமி ஆகியிருந்தார். செல்லமுத்து சொல்லமுத்து. தேவனூர் தோவனூர். செம்மேடு சொம்மோடு. காலில்லாதவர்களுக்குக் கால் கொடுக்கப்போய், கால் தேவைப்படாதவர்களுக்கும் கால் முளைத்துவிட்டது.

நல்லவேளை, நேரடியாகப் போடாமல் இருந்தோம் என்று அவள் உட்கார்ந்தாள். சோதித்துப் பார்க்கவேண்டும் என்ற விதியைத் திட்டுவதற்கு அவளுக்கு இப்போது மனம் வரவில்லை. விதி சரிதான். அது மாட்டிக்கொண்ட இடம்தான் சரியில்லை. பின்னால் கால் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அதற்குத் தகுந்தபடி மாற்றும்படி வரியைத் திரும்ப எழுதினாள். ஓட்டினாள். நானூற்றுப் பன்னிரண்டும் சரி. மொத்தம் ஆன நேரம் ஒரு மணி ஐம்பது நிமிடம்.

இருபத்து ஒன்றாம் தேதி புதன்கிழமை, சோதனை மையத்தைத் திறந்துவைக்க இயக்குநரே வந்தார். சாமந்தி மாலை, ஒலிபெருக்கி, சாமியானா. வரிசையில் நின்றிருந்த சனங்களை உட்காரவைத்துக் கூட்டமாக்கினார்கள். பொன்னாயியும் முன்வரிசையில் உட்கார்ந்தாள். அழைப்பிதழில் ‘திரு. கேகுல்நாத் அவர்கள்’ என்று அச்சாகியிருந்தது. ஹேமலதா தயங்கித் தயங்கி அதைச் சுட்டிக்காட்டினாள்.

“தெரியும்மா” என்றார் இயக்குநர். “பத்து நாளா நான் அப்படித்தான் கையெழுத்துப் போடறேன். அதிகாரி இருக்கற மாதிரி பதிவேடு இருக்கணும்னு எதிர்பார்க்கறது ஒழுங்கீனம். பதிவேட்டுல இருக்கற மாதிரி அதிகாரிதான் இருக்கணும்.”

பிறகு ஒலிபெருக்கியில் பேசினார். “பொதுமக்களே! சிலர் கேட்கிறார்கள், ஒரு எழுத்தைத் திருத்த ஒரு கட்டடமா என்று. நான் அவர்களைக் கேட்கிறேன், கட்டடம் இல்லாமல் திருத்தியிருந்தால், திருத்தியது யாருக்குத் தெரியும்? எங்கள் இயக்ககம் தவறுகளை மறைப்பதில்லை. அவற்றுக்கு உரிய இடம் ஒதுக்கித் தருகிறது!”

கைதட்டினார்கள். இயக்குநர் நாடா வெட்டி உள்ளே போய், ஒரு மாதிரிச் சான்றிதழ் அச்சடிக்கச் சொன்னார். ஹேமலதா கலைமணியின் சான்றிதழையே அடித்துக் கொடுத்தாள். ‘தாயின் பெயர்: பொன்னாயி. ஊர்: கொல்லிமலை.’

இயக்குநரின் முகம் மாறியது. “இது ஏன் இப்படி வருது?”

“திருத்திட்டேனுங்க சார். சோதிச்சும் பாத்துட்டேன்.”

“அங்கே எப்படி வரும்?”

“பென்னாயின்னு வருமுங்க.”

“அப்போ ரெண்டும் ஒண்ணா இல்லையேம்மா! திருத்தம் செய்த அந்த நிமிஷமே இது சோதனைச் சூழல்ங்கற தகுதியை இழந்துடுச்சு. உடனே பழையபடி ஆக்கு.”

“சார், மாத்திப் பாக்கத்தானுங்களே இந்த ரூமு?”

“பாக்கலாம். மாத்தக்கூடாது. நேரடி மையத்துல முதல்ல மாத்தினா, அப்புறம் இங்கே தாராளமா மாத்திச் சோதிக்கலாம்.”

“நேரடி மையத்துல மாத்தலாமுங்களா?”

“சோதிக்காம எப்படிம்மா மாத்தறது?”

ஹேமலதாவுக்குத் தலை சுற்றியது. எழுபது வளைவிலும் எலுமிச்சை இல்லாமல் வந்தவள்போல மேசையைப் பிடித்துக்கொண்டாள். அப்போது பொன்னாயி உள்ளே வந்து, இயக்குநர் பிரிண்டரின் மேல் வைத்திருந்த சான்றிதழை எடுத்தாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியும். நாலாவது வரை படித்தவள். பெயரின் மேல் விரலை ஓட்டி, எழுத்துக் கூட்டி இரண்டு முறை படித்தாள்.

“சரியா இருக்குதுங்க. நான் வாரேன்.”

“அம்மா, அது செல்லாது! இது சோதனை மையம்” என்றார் இயக்குநர். “நீங்க பக்கத்து ரூம்லதான் வாங்கணும்.”

பொன்னாயி நின்றாள். சுவரில், சாமந்தி மாலைக்குக் கீழே, கண்ணாடி போட்டு ஒப்புமைச் சான்று மாட்டியிருந்தது. அதன் முன்னால் போய் நின்று மெதுவாகப் படித்தாள். “எவ்... வித... வேறுபாடும்... இன்றி... ஒன்றே.” திரும்பினாள்.

“ஏனுங்க சாமி, இந்தக் கையெழுத்து உங்களுதுங்களா?”

“ஆமாம்.”

“ரெண்டு ரூமும் ஒண்ணுதான்னு நீங்கதான எழுதியிருக்கறீங்க? அப்பறம் இதுல வாங்குனா என்னுங்க, அதுல வாங்குனா என்னுங்க? ரெண்டும் வேறன்னா, நீங்க பொய்யில கையெழுத்துப் போட்டீங்கன்னு ஆகுது. நான் அப்படிச் சொல்ல மாட்டனுங்க. பெரிய மனுசரு.”

வெளியே கூட்டம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது. இயக்குநர் கையோடு உள்ளே கொண்டுவந்திருந்த மைக்கை அணைக்கச் சின்னராசு மறந்திருந்தான்.

இயக்குநர் சான்றைப் பார்த்தார். பொன்னாயியைப் பார்த்தார். இருபத்தெட்டு வருடப் பணியில் அவர் போட்ட எந்தக் கையெழுத்தும் தவறு என்று நிரூபிக்கப்பட்டதில்லை. அதை மலைமேல் ஒரு புதன்கிழமை கெடுத்துக்கொள்ள அவர் தயாராக இல்லை.

“ஒண்ணுதான்” என்றார். “ஒண்ணேதான். செல்லும்.”

ஜீப் ஏறுவதற்கு முன்னால், தன் பிடி தளரவில்லை என்று காட்ட ஓர் உத்தரவு எழுதினார். ஹேமலதா அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். ‘இரு மையங்களும் ஒன்றாகவே தொடரவேண்டும். வேறுபாடு ஏதேனும் தென்படின், ஆபரேட்டர் அதை உடனடியாகக் களையவேண்டும்.’ எந்தப் பக்கம் களைவது என்று அதில் எழுதவில்லை. எழுதியிருந்தால் வேறுபாடு இருக்கிறது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும்.

ஜீப் முதல் வளைவில் மறைந்ததும், ஹேமலதா திருத்திய கோப்பைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனாள். வேறுபாட்டைக் களைய நாலு நொடி ஆயிற்று. பிறகு, கோவிந்தம்மாளுக்கும் மற்ற முப்பத்தொரு பேருக்கும் புதுச் சான்றிதழ் அடித்துவைத்தாள்.

வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணியிலிருந்து பொன்னாயி மையத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வீட்டில் போன் கிடையாது. கலைமணியிடம் மையத்தின் நம்பரை எழுதிக் கொடுத்து அனுப்பியிருந்தாள். ஒன்றரைக்கு மணி அடித்தது. ஹேமலதா எடுத்தாள்.

“அக்கா, சேத்துக்கிட்டாங்கக்கா” என்றது சேலத்துப் பூத்திலிருந்து ஒரு குரல். “பேரு கூப்புடறப்ப, பொன்னாயி மக கலைமணின்னே கூப்புட்டாங்க.”

ரிசீவரைப் பொன்னாயியிடம் கொடுத்தாள். பொன்னாயி அதை இரண்டு கையாலும் காதில் அழுத்திக்கொண்டாள். “சாப்புட்டயா கண்ணு?” என்று அதட்டினாள். “இன்னும் இல்லையா? மணி என்ன ஆச்சு? மொதல்லப் போய்ச் சாப்புடு, போ!”

ஹேமலதா முகத்தைத் திருப்பிக்கொண்டு இரண்டு அறைகளின் ஜன்னல்களையும் திறந்தாள். வெளியே குண்டூர் நாட்டிலிருந்து வந்தவர்கள் ஒரே வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள்.

“ரெண்டு வரிசையா நில்லுங்க” என்றாள். “எதுல நின்னாலும் பேரு சரியா வரும்.”